தர்ஷினி தூங்குவதை யார் பார்த்தது

தங்கச்சிகளே, குண்டான பிள்ளைகளின் தாய்மாரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கிளினிக்கில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு தாய்மார் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆள் தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள். எப்படிப் பேசக்கூடாது என்பதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு.

ஊரெல்லாம் மிஸ்ஸி என்று கூப்பிட்ட தாதி வேலையிலிருந்து ஐம்பத்திரண்டு வயதில் நானாகக் கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டேன். முட்டி வலி என்று எழுதிக் கொடுத்தேன். முட்டியும் வலிக்கத்தான் செய்தது.

உயரம், எடை, அட்டவணை, எந்தக் கோட்டைத் தாண்டினால் எந்தப் படிவம் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் எழுத நினைப்பது ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றி. எங்கள் காலத்துப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், கீழே, பல் துலக்குவதற்கும் பூச்சி மருந்துக்கும் நடுவில் அது இருந்தது. தூக்கம்: நன்று, நன்றன்று. இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. கை வலிக்காத வேலை. அந்தக் கோட்டை நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் போட்டிருப்பேனோ.

புக்கிட் செலம்பாவைத் தாண்டி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம். வருடாந்திரச் சோதனைக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து தராசில் ஏறி இறங்கினார்கள். தர்ஷினி ஏறினாள். ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு, ஐம்பத்திரண்டு கிலோ. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முள்ளைக் கையால் மறைத்துக்கொண்டேன். அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன்.

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, வெல்வெட் துணி ஒட்டியதுபோல ஒரு பட்டை. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்கத் தடுமாறுகிறது என்று தோல் எழுதிக் காட்டும் கடிதம் அது. எனக்கும் தெரிந்தது. குறித்துக்கொண்டேன்.

வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவதான் மிஸ்ஸி எங்க கிளாஸ் கும்பகர்ணி. பசியாறிட்டு வந்தா போதும், மேசையில விழுந்துருவா. எழுப்புறதுக்கே ஒரு பாடம் போயிரும்."

தர்ஷினியும் சிரித்தாள். தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே முதலில் சிரித்துவிடும் பிள்ளைகள் உண்டு, கவனித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை காலை பத்தரை மணிக்கு மேசையில் விழுந்து தூங்குகிறது. ஒரு தாதி அதைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

தாயை வரச் சொன்னேன். கலா சுங்கை பட்டாணியில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தாள். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு ஷிப்ட். இரவு வேலை முடித்து, சீருடையோடு, கண்கள் சிவக்க என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தாள். கணவர் லாரி ஓட்டி. வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கலாவுக்கு இரவு வேலை உள்ள வாரங்களில் பிள்ளை பக்கத்து வீட்டு ஹாலில், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளும்.

"அந்தக் கழுத்த தேய் தேய்னு தேய்க்கிறேன் மிஸ்ஸி. கடலைமாவு, எலுமிச்சம்பழம், எல்லாம் போட்டாச்சு. போகவே மாட்டேங்குது."

"தேய்க்காதீங்கம்மா, அது அழுக்கு இல்ல," என்றேன். சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன். விரலில் குத்திப் பார்த்ததையும், அது இருக்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்ததையும் சொன்னேன். டவுனில் உணவு ஆலோசகரைப் பார்க்கத் தேதி வாங்கிக் கொடுத்தேன். இனிப்புத் தண்ணி வேண்டாம், சோறு பாதி, சாயங்காலம் ஓடி விளையாடட்டும். பேனாவை எடுத்து மிச்சக் கட்டங்களை நிரப்பினேன்.

"நல்லா தூங்குறாளா?"

"அதெல்லாம் நல்லா தூங்குவா மிஸ்ஸி. படுத்தா கொர்ருதான். அவங்க அப்பா மாதிரியே."

நன்று. கோடு.

அவள் பொய் சொல்லவில்லை. நம் சனங்களுக்குக் குறட்டை என்றால் அசந்த தூக்கம், நிம்மதியான தூக்கம். உழைத்து வந்தவன் விடுவது. பிள்ளை விட்டால் இன்னும் நல்லது, பிள்ளைக்குக் கவலை இல்லை என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். எனக்குத் தெரிந்ததை நான் கேட்கவில்லை. குறட்டை நின்று நின்று வருகிறதா, வாயைத் திறந்து தூங்குகிறதா, தலையணையில் வியர்க்கிறதா, திடீரென்று படுக்கையை நனைக்கத் தொடங்கியதா, காலையில் தலை வலிக்கிறது என்கிறதா? ஐந்து கேள்வி. இரண்டு நிமிடம். வெளியே இன்னும் எட்டுத் தாய்மார் காத்திருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். ஐம்பத்து மூன்றரைக் கிலோ.

அன்றைக்கு என்ன அவசரமோ, என்ன வெயிலோ. நான் கேட்டேன்: "ஏம்மா, பிள்ளையோட வாயக் கட்டவே மாட்டீங்களா? நான் சொன்னது ஏதாச்சும் காதுல ஏறுச்சா?" கலா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தாள். "ஏய், எழும்பு," என்று கலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு நாள் காலை, வேலை முடிந்து வரும் வழியில் கலா மட்டும் வந்தாள். பிள்ளைக்கு மூக்கு அடைத்து ஒழுகுகிறது, இருமல், காய்ச்சல் இல்லை, பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்றாள். நான் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லியிருக்க வேண்டும். மூக்கொழுகலுக்கு அப்போது நாங்கள் வைத்திருந்த மருந்தை எடுத்துக் கொடுத்தேன். "தூக்கம் வரும், பரவால்ல. ரெஸ்ட் எடுக்கட்டும்," என்றேன். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணி. வெளியில் ஒரு ஹார்ன். விட்டு விட்டு அடிக்கவில்லை. அழுத்தின கையை எடுக்காமல் ஒரே சத்தம்.

பள்ளி வேன். வாசல் கேட்டில் இடிக்காத குறையாக நின்றிருந்தது. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேன்கார அண்ணன் இறங்கி இந்தப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினார்: "மிஸ்ஸி, பம்ப்புல எழும்பல மிஸ்ஸி! எப்பவும் பம்ப்புல எழும்பிரும்! ரெண்டு பம்ப்பு தாண்டிட்டேன், எழும்பல!"

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. முன் சீட்டில் தர்ஷினி இருந்தாள். பெல்ட்டில் தொங்கியபடி, தாடை நெஞ்சில் புதைந்து. உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. நெஞ்சு மேலே எழ முயன்றுகொண்டிருந்தது. மூச்சு எடுக்கும் வேலை நடக்கிறது, மூச்சு மட்டும் இல்லை. பூட்டிய கதவை உள்ளிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பதைப்போல.

தலையை நிமிர்த்தினேன். தாடையின் இரு பக்கமும் விரலை வைத்து முன்னால் தள்ளினேன். துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்சீட்டில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

அண்ணனும் நானும் நோரும் சேர்ந்து அவளை உள்ளே கொண்டுபோனோம். நோர் உங்களைப்போலப் புதிதாக வந்திருந்த மலாய்ப் பெண். கட்டிலைச் சரிசெய்து, தலையணையை எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைப்போமா என்று மலாயில் கேட்டாள். பாவம், எல்லாருக்கும் அதுதான் தோன்றும். மயங்கினவரை மல்லாக்கக் கிடத்துவது. இந்தப் பிள்ளையை அப்படிக் கிடத்தினால் தொண்டைச் சதையும் நாக்கும் பின்னால் விழுந்து கதவை அடைத்துவிடும். "வேண்டாம், பக்கவாட்டில்," என்றேன். ஒருக்களித்துக் கிடத்தி, தாடையை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆக்சிஜன் வைத்தோம். நோர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். வர அரைமணி நேரமாகும் என்றார்கள்.

"அரைமணி நேரமா? நான் இருபது நிமிசத்துல கொண்டுபோயிருவேன் மிஸ்ஸி! ஏத்துங்க, ஏத்துங்கலா!"

தங்கச்சிகளே, இந்த இடத்தில்தான் உங்களிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். இருபது சிறியது, முப்பது பெரியது. யாருக்கும் தெரியும். போனால் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் வேனில் வழியில் மூச்சு நின்றால் என்னிடம் இரண்டு கையைத் தவிர ஒன்றுமில்லை. இங்கே ஆக்சிஜன் இருக்கிறது, காற்றை அழுத்திக் கொடுக்கும் பை இருக்கிறது, இன்னொருத்தி இருக்கிறாள். இருந்தால் வேகத்தை விடுகிறேன். போனால் கருவியை விடுகிறேன். சரியான பக்கம் எது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

"சபார்லா அண்ணே, கொஞ்சம் பொறுங்க. நம்ம இங்கயே இருப்போம்," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பார்வையோடுதான் நான் செத்திருப்பேன்.

எழுப்பினால் கண் திறந்தாள். "பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றாள் ஒருமுறை. "விட்டாச்சும்மா, தூங்காத, எங்கிட்ட பேசு. என்ன பசியாறின?" "மீ கோரெங்..." என்று தொடங்கி, 'ங்' முடியும் முன் கண் சொருகியது. குறட்டை. குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. நான் தாடையைத் தள்ளுவேன். கிழிபடும் சத்தம். மறுபடியும் குறட்டை. சுவர்க்கடிகாரத்தின் முள் ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

நோர் வேனில் இருந்த பிள்ளைகளை உள்ளே கூட்டிவந்து வராந்தாவில் உட்காரவைத்தாள். அண்ணன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். பயத்தில் பேச்சு தானாக வந்தது.

"போன வருசத்துலேர்ந்து இப்படித்தான் மிஸ்ஸி. பின்னால உக்காந்தா பசங்க குறட்டைக்காரின்னு நையாண்டி பண்ணுதுங்க. அதான் முன்னால போட்டேன். கொர்ரு கொர்ருன்னு வரும். திடீர்னு சத்தமே இருக்காது. மொத தடவ பயந்து ப்ரேக்க ஒரு அடி அடிச்சேன். தல ஆடுச்சு, மூச்சு வந்துருச்சு. அப்புறம் பழகிருச்சு. சத்தம் நின்னா ரோட்டு மேட்டுல, அந்தப் பம்ப்புல, கொஞ்சம் வேகமா ஏத்துவேன். பம்ப்பு இல்லாத எடத்துல ப்ரேக்கு. காடி ஓட்டத் தெரியாதவன்னு மத்த பிள்ளைங்க அப்பா அம்மாவெல்லாம் என்னைத் திட்டுறாங்க."

ஒரு வருடம். படித்தவர்கள் யாரும் பார்க்காததை ஒரு மனிதர் ஒரு வருடமாகத் தன் காலால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. அவங்க அம்மாகிட்ட சொன்னேன். கிளினிக்குல காட்டியாச்சுண்ணே, மிஸ்ஸி நல்ல தூக்கம்னு எழுதிட்டாங்கன்னு சொல்லுச்சு. நான் வேன் ஓட்றவன். மிஸ்ஸி எழுதினதுக்கு மேல நான் என்னத்த சொல்றது?"

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்த மிஸ்ஸி நான்தான் என்று அவருக்குத் தெரிந்ததாகவும் தோன்றவில்லை. என் விரல்கள் தாடையில் இருந்ததால் முகத்தை மூடிக்கொள்ள முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அரைமணிக்கு ஒரு நிமிடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்துப் பார்த்தார்கள். டான்சில் இரண்டும் வீங்கி நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. சளி பிடித்ததும் மிச்சமிருந்த இடுக்கும் போய்விட்டது. நான் கொடுத்த, தூக்க மயக்கம் தரும் மருந்து, மூச்சடைத்தால் எழுப்பிவிடும் உடம்பின் காவலையும் படுக்கவைத்திருக்கலாம் என்றார் டாக்டர். மருந்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நல்ல மனிதர். நான் அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது வயதில் ரத்த அழுத்தம் கூடியிருந்தது. கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை எல்லைக் கோட்டில். டாக்டர் கலாவுக்கு விளக்கியபோது நானும் பக்கத்தில் நின்று, முதல் தடவை கேட்பவளைப்போலக் கேட்டேன். தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆபத்து என்று அலறி விழிக்கிறது. பிள்ளைக்குத் தெரியாது, இதயத்துக்குத் தெரியும். விடிய விடிய அலறின உடம்பு பகலில் தூங்கி வழிகிறது, எரிந்து விழுகிறது, இனிப்பைத் தேடுகிறது. பசியை அடக்கும் கணக்கு கலைகிறது, இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. எடை கூடக் கூடத் தொண்டை இன்னும் ஒடுங்குகிறது. தொண்டை ஒடுங்க ஒடுங்கத் தூக்கம் இன்னும் கெடுகிறது. எது முதல், எது பின் என்று பிரிக்க முடியாத ஒரு சுற்று. அந்தச் சுற்றில் சோற்றுத் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நான் ஒரு தாயைத் திட்டியிருந்தேன். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஒல்லிப் பிள்ளைக்கும் இது வரும். தராசைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

வார்டுக்கு வெளியே கலாவிடம் சொன்னேன். "நல்ல தூக்கம்னு நான் எழுதினது தப்பும்மா. கேக்க வேண்டியத நான் கேக்கல."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "தெனமும் சோத்தப் பாதி எடுத்து வச்சேன். பசிக்குதுமான்னு பின்னாலயே வருவா. நீங்க திட்டின அன்னைக்கு வீட்டுக்குப் போயி அவள அடிச்சேன் மிஸ்ஸி. தூக்கம் வருதுன்னு சொன்னா. சோம்பேறின்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க தப்புன்னு சொல்லிட்டுப் போயிருவீங்க. நான் அடிச்சத என்ன பண்றது?"

பதில் இல்லாத இடத்தில் அறிவுரை சொல்லாமல் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தார்கள். எடை இருப்பதால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம், சில மாதம் கழித்துத் தூக்கத்தை மறுபடி சோதிக்கவேண்டும், தேவைப்பட்டால் முகமூடிக் கருவி, சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் கிளினிக்கின் பழைய படிவங்களை எடுத்துவைத்துக்கொண்டு, 'நன்று' என்று கோடு போட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தேன். பக்கத்துவீட்டுக்காரர், குழந்தை பார்த்துக்கொள்பவர், வேன் ஓட்டுபவர் என்று தூங்கும்போது பார்த்த யாரையாவது கூட்டிவரச் சொன்னேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பிள்ளை நன்றாகத் தூங்குகிறதா என்று கேட்காதீர்கள். தூங்கும்போது பார்த்தது யார் என்று கேளுங்கள். பார்த்தவரிடம் பேசுங்கள். அவர் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வரச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நேராகக் கலா வீட்டுக்குப் போனேன். அவள் கூப்பிட்டிருந்தாள். போனில் குரல் சரியாக இல்லை. மத்தியானம், ஹாலில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பாயில் தர்ஷினி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. கலா அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை.

"சத்தமே இல்ல மிஸ்ஸி," என்றாள் கிசுகிசுப்பாக. "முன்னெல்லாம் கொர்ருன்னு கேக்கும், இருக்கான்னு தெரியும். இப்ப ஒண்ணுமே கேக்கல. எனக்குப் பயமா இருக்கு." சொல்லிக்கொண்டே பிள்ளையின் தோளை உலுக்கினாள்.

தர்ஷினி ஒரு கண்ணைத் திறந்தாள். "மா! எத்தன வாட்டி? உயிரோடதான்மா இருக்கேன். தூங்க விடுங்கலா!" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள். கலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நல்ல மூச்சுக்குச் சத்தம் இருக்காது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் கையை எடுத்துப் பிள்ளையின் விலாவில் வைத்தேன். சொன்னேனே தவிர, நானும் எழுந்து போகவில்லை. கைப்பையை மடியில் வைத்தபடி அவளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டேன். கலாவின் கை மெல்ல மேலே எழுந்தது. மெல்லக் கீழே இறங்கியது. பிறகு அசையாமல் இருந்தது. நாங்கள் இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுந்தது.